மீனுக்கு அம்மை

மீனுக்கும் அம்மை போடும் என்று இந்த உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, போகட்டும்.

வில்லியனூர்க் கடைத்தெருவில் எங்களுக்கு ஜவுளிக்கடை. கல்லாவில் அப்பா, துணி அளக்கும் கோலோடு சித்தப்பா. பொங்கலன்று ஒருநாள் போக, வருஷம் பூராவும் அவருக்கு லீவு என்பதே கிடையாது.

அந்தச் சித்தப்பா ஒருநாள் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கிவந்தார். கடைக்குக் கூட்டம் சேரும் என்று அப்பாவைச் சரிக்கட்டி, வெயில் நேராக விழுகிற வாசல் பக்கம் வைத்தார். குமிழி விட ஒரு சின்ன மோட்டார். வீராம்பட்டினத்திலிருந்து சைக்கிளில் கேன் கேனாகக் கடல்தண்ணீர். கூடவே, மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட இரண்டு குட்டி மீன்கள். எங்கள் கடைப் புடவைகளைவிட டிசைன் நன்றாக இருந்தது. அன்றே நான் அவற்றுக்கு அடிமை.

ஆனால் வாரம் திரும்புவதற்குள் தண்ணீர் அரிசி களைந்தது போல வெளுத்துவிடும். அப்புறம் பச்சை. கண்ணாடி முழுக்கப் பாசி. சித்தப்பா பொரியையும் இட்லியையும் கைநிறைய அள்ளிப் போட்டபடியே பெருமூச்சு விடுவார்.

"இன்னா பண்றது அண்ணே, கடத்தண்ணி மாத்தியாவணும்."

காலையில் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவார். முதுகெல்லாம் மணல், முகத்தில் ஒரு தெளிச்சல். பாவம், கேனோடு அலையில் விழுந்து புரண்டிருக்கிறார் என்று நான் அந்த மணலைத் தட்டிவிடுவேன்.

சரக்கெடுக்க அவர் ஈரோட்டுக்குப் போயிருந்த வாரம் தண்ணீர் மறுபடியும் வெளுத்தது. ஒரு மீன் மூலையில் சாய்ந்து கிடந்தது. அப்பா வந்து மூக்கைப் பொத்தினார்.

"உங்க சித்தப்பன் வர்றதுக்குள்ள இது தெளியலன்னா, மீனோட சாக்கடைல கொட்டிடுவன்."

பதறிப்போய் உற்றுப் பார்த்தேன். மீன்மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அது ஒட்டிக்கொண்டிருந்த இட்லி என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அது அம்மை. போன கோடையில் அக்காவுக்குப் போட்டதே, அதேதான். அப்படியென்றால் தொட்டிக்குள் கைவிட்ட எனக்கு? சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வயிற்றில் இரண்டு புள்ளி. கொசுக்கடி என்று அம்மா சொன்னதை நான் நம்பவில்லை. சாவதற்குள் மீனையாவது காப்பாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அக்காவுக்கு நடந்த அத்தனை உபசாரமும் மீனுக்கு நடந்தது. அவளை இருட்டறையில் படுக்க வைத்தார்கள். நான் தொட்டியைச் சுற்றிக் கறுப்புப் பாவாடைத்துணியை இறுக்கிக் கட்டினேன். அவளுக்குப் பத்தியம், மீனுக்குப் பொரி, இட்லி எல்லாம் நிறுத்தம். மேலே ஒரு கொத்து வேப்பிலை.

கரிக்கலாம்பாக்கத்திலிருந்து கல்யாண ஜவுளி எடுக்க உறவுக்கூட்டத்தோடு வந்த ஒரு அம்மாள், வேப்பிலையைக் கண்டு படியிலேயே நின்றுவிட்டார்.

"யாருக்குடா தம்பி அம்மை?"

"மீனுக்குங்க. எனக்கும் ஆரம்பிச்சிருக்கு" என்று வயிற்றைக் காட்டினேன்.

மொத்தக் கல்யாண வீடும் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. அப்பா கையை ஓங்கினார். அம்மை போட்டவனை அடிக்கலாமா என்று ஒரு நொடி அவருக்கே சந்தேகம் வந்ததை நான் பார்த்தேன். பிறகு அடித்தார். வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தவர், பிரித்தால் நாறும் என்று துணியில் மட்டும் கை வைக்கவில்லை.

சித்தப்பா ஊர் திரும்பிய காலையில், தொட்டியைக் காலி செய்யச் சொல்லித் துணியை உருவிய அப்பா அப்படியே நின்றுவிட்டார். உள்ளே தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. மீன்கள் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. இருட்டும் பட்டினியும் பாசிக்கு ஆகாது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த சங்கதி. அன்று, அம்மை இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"பையன் கெட்டிக்காரன்தான்" என்று அப்பா தம்பியிடம் திரும்பினார். "இனிமே நீ வீராம்பட்டினத்துக்கு அலைய வாணாம். கடையிலயே நிம்மதியா இரு."

சித்தப்பா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கல்லாவுக்குப் போனதும் என் காதருகே குனிந்தார்.

"மறுபடியும் பச்சையாவுமாடா?"

குரல் கம்மியிருந்தது. மீன்மேல் மனுஷனுக்கு இவ்வளவு உயிரா என்று நான் உருகிப்போனேன். எட்டிப் பிடித்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

"கவலப்படாத சித்தப்பா. நான் இருக்கறவரிக்கும் ஆவவே ஆவாது."

அவர் கோலை எடுத்துக்கொண்டு துணி அளக்கப் போனார். அவ்வளவு நல்ல சேதி சொல்லியும் ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்கவில்லையே என்று அன்று முழுக்க எனக்குக் கோபமான கோபம்.