பைலாவுக்கு மசியாத கொங்கா

கடையில் திரைச்சீலைத் துணி அளந்துகொண்டிருந்தபோது, எங்கள் இசைக்குழுவில் கீபோர்ட் வாசிக்கும் ஜெராட் அழைத்தான். குழுவில் மற்றவர்களைப் போல அவனும் என்னை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். "நானா, சாந்தி போயிட்டா." பல்லேகல தொழிற்சாலையில் வேலை முடித்துத் திரும்பும்போது பஸ்ஸிலேயே நெஞ்சு வலியாம். இன்னாலில்லாஹ்! போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில்தான் என்னை அப்படி ஏசியிருந்தார். கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் குழுவைக் கல்யாண மண்டபங்களில் கேட்டவர்களுக்குச் சாந்தியைத் தெரியும். தலை நிறையப் பூ, முன்னால் அந்த உயரமான கொங்கா மேளம். கியூபாப் பாட்டை எங்களுக்கு முதலில் போட்டுக் காட்டியவரும் அவர்தான். "கரும்பு வெட்டுறதுக்கு ஆப்பிரிக்காவுல இருந்து இழுத்துக்கிட்டுப் போன சனம் அடிச்ச அடி நானா இது. நம்ம ஆளுங்களயும் தேயிலைக்குத்தானே கொண்டாந்தாங்க," என்றார் கலஹா தோட்டத்தில் பிறந்த அந்தப் பெண். பாட்டுக்குள் இரண்டு குச்சிகள் மூன்று தட்டு, இரண்டு தட்டு என்று விடாமல் தட்டிக்கொண்டிருந்தன. "இந்தக் குச்சி மாமியா மாதிரி. சத்தம் கொஞ்சந்தான், ஆனா வீடே அதுக்கு அடங்கி நடக்கணும்." சிரித்தேன். பிறகு கிட்டாரை எடுத்து வாசித்துப் பார்த்தபோது கை அந்தத் தட்டோடு சேரவே இல்லை, சிரிப்பு போய்விட்டது.

கொழும்பில் பழைய கொங்கா ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தனியாகவே போனார். பஸ்ஸில் தன் இருக்கையில் மேளத்தை உட்கார வைத்துவிட்டு, கண்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்தாராம். ஏறியவர்கள் எல்லாரும் முறைத்தார்கள் என்று பெருமையாகச் சொன்னார்.

எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தத் தாளத்தைக் கொடுத்தாலும் பாதிப் பாட்டில், இங்கே கல்யாணங்களில் எல்லாரும் ஆடும் பைலாத் தாளமாக்கிவிடுவோம். குண்டசாலையில் ஒரு கல்யாணத்தில் கியூபாப் பாட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் மாமன்மார் கையைத் தூக்கி ஆட வந்ததும் எங்கள் கை தானாகப் பைலாவுக்கு நழுவியது. சாந்தி மேளத்திலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். பாட்டு நின்றது. மண்டபமே எங்களைப் பார்த்தது.

"கல்யாண வீட்டுல மானத்த வாங்காத புள்ள!" என்று பல்லைக் கடித்தேன்.

"பைலா வேணுன்னா பைலா வாசிப்போம் நானா. இத வாசிச்சா இதத்தான் வாசிக்கணும். மொதல்ல இருந்து வாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் வாசித்தோம். அந்த மாமன்மார் கொஞ்சம் தடுமாறி, பிறகு இடுப்பால் ஆடத் தொடங்கினார்கள்.

அடக்கம் முடிந்து வரும் வழியில் ஜெராட் சொன்னான்: "சனிக்கிழம கல்யாணத்துக்கு அந்தக் கியூபாப் பாட்டுகள விட்டுருவோம் நானா. சனம் பைலாதானே கேக்குது." அவன் சொல்வதும் நியாயம் என்றுதான் பட்டது.

மறுநாள் சாந்தியின் கணவர் முருகேசு கொங்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். மனைவி மேளம் அடிப்பதில் அவருக்கு ஒருநாளும் இஷ்டம் இருந்ததில்லை. "இது வீட்டுல சும்மா கெடக்கக் கூடாதுங்க நானா. அவ ஏசுவா," என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

சாந்தியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த மேளமும் கொஞ்சம் பிடிவாதமும்தான். அடித்துப் பழகிப் பழகி உள்ளங்கை இரண்டும் வீங்கியிருக்கின்றன. ஜெராட்டிடம் சொல்லிவிட்டேன், பாட்டுகள் எதையும் விடப்போவதில்லை, கொங்கா நான் வாசிக்கிறேன் என்று.

"ஒங்களுக்கு வாசிக்கத் தெரியுமா நானா?" என்றான்.

"தெரியாது. சனிக்கிழமைக்குள்ள தெரிஞ்சிரும்."