சிவப்புத் துணி சுற்றிய கட்டை

நான் ஒரு நாளைக்கு நாற்பது பேரையாவது கொல்வேன். சிலரை முள் குழியில் தள்ளி, சிலரை உயிரோடு எரித்து, சிலரைச் சுவரோடு சுவராக நசுக்கி. இதற்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். பிறந்தநாளுக்குக் கேக்கும் வெட்டுகிறார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பழைய பட்டறையின் மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வீடியோ கேம் செய்து கொடுக்கிறோம். வாள், மந்திரம், அரக்கன் எல்லாம் வரும் கேம்கள். அவற்றில் பூமிக்கு அடியில் இருக்கும் இருட்டுக் கோட்டைக்கு டன்ஜன் என்று பெயர். அந்த டன்ஜனுக்கு வரைபடம் போடுவது என் வேலை. எந்த அறைக்குப் பின் எந்த அறை, எங்கே பந்தம் எரியும், எங்கே தண்ணீர் சொட்டும், எங்கே ஆட்டக்காரன் சாவான் என்று நான்தான் முடிவு செய்வேன். முதலில் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் வரைவேன். சாவு விழும் இடத்தில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அம்மா ஒருமுறை அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "இத்த வரைஞ்சிகினு ஞாயித்துக்கெழம பூசைக்கு வேற வர்றியாடி நீ?" என்று கேட்டாள்.

இந்தத் தொழிலிலும் ஒரு நியாயம் உண்டு. ஆட்டக்காரனைக் கொல்லலாம், ஏமாற்றக் கூடாது. சாவதற்கு முன்னால் ஏதாவது ஓர் எச்சரிக்கை அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். தரையில் காய்ந்த ரத்தமோ, சுவரில் நகக் கீறலோ. செத்த பிறகு, "சே, கண்ணெதிரேயே இருந்ததே" என்று அவனே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். அப்படி அடித்துக்கொள்ள வைப்பதில் நான் கெட்டிக்காரி. திமிரோடுதான் சொல்கிறேன்.

டெஸ்டர் விளையாடிப் பார்க்கும்போது வரைந்தவர் அவர் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். வாயைத் திறந்து வழி சொல்லிவிட்டால் அன்றைக்கு எல்லாருக்கும் டீயும் பஜ்ஜியும் நம் செலவு. அப்படி உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், மனிதர்கள் நாம் போட்ட வழியில் போகவே மாட்டார்கள். கதவைத் திறக்கச் சொன்னால் ஜன்னலில் ஏறுவார்கள். இரண்டு பேர் தூக்க வேண்டிய கல்லை ஒரு பிணத்தைக் கீழே தள்ளி முட்டுக் கொடுத்துத் தாண்டுவார்கள். இந்தக் குறுக்கு வேலைகளை முன்கூட்டியே பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் ஒரு டன்ஜனில் நசுக்கும் கூரை வைத்தேன். குறுகலான நடை. சுவரில் இருக்கும் கல் பொத்தானைத் தொட்டால் மேலிருந்து பெரிய பாறை இறங்கும். எங்கள் மேனேஜர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பயமே இல்லம்மா. ஃப்ரிட்ஜ் கதவு மாதிரி மூடுது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பொரிந்து தள்ளினேன். அண்ணன் எங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தான். தகட்டை வைத்தால் மேலிருந்து இரும்பு இறங்கி ஒரே அடியில் வெட்டித் தரும் மிஷின் அவனுடையது. காலையில் திருமுல்லைவாயிலிலிருந்து ஒரே பைக்கில்தான் வருவோம், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு.

"அடிக்கிற சத்தத்துல இன்னா கீது?" என்றான். "அதுக்கு மின்னாடி ஒரு டிக் வரும் பாரு, அதான் மேட்டரு. அந்த டிக்குக்கு அப்பால உன்னால ஒண்ணியும் பண்ண முடியாது."

மறுநாளே வீடியோ எடுத்து அனுப்பினான். நாற்பது வினாடி. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை செய்திருந்தான். வலது கை தகட்டை வைக்கிறது, வெளியே வருகிறது, பொத்தானை அழுத்துகிறது. டிக். இறங்குகிறது. படத்தின் இடது ஓரத்தில் இன்னொரு பச்சைப் பொத்தான், அதன் மேல் செருகிய ஒரு மரக்கட்டை. கட்டையில் சிவப்புத் துணி சுற்றி, எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது.

அந்த வீடியோவை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். டிக்குக்கும் அடிக்கும் நடுவே இருக்கும் நேரத்தை அளந்தேன். அந்த நேரத்தை அப்படியே பாறைக்குக் கொடுத்தேன். கட்டையும் பார்க்க ஜோராக இருந்ததால் அதையும் எடுத்துக்கொண்டேன். என் டன்ஜன் சுவரில் இரண்டு கல் பொத்தான்கள், இடது பொத்தானில் சிவப்புத் துணி சுற்றிய கட்டை. மரத்தின் ரேகை, துணியின் பிசுக்கு என்று இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கினேன். அது எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

டெஸ்டர் பாறைக்கு அடியில் செத்து, நாற்காலியோடு பின்னால் துள்ளினான். மேனேஜர் கை கொடுத்தார். "அந்த டிக் மட்டும் இன்னும் கிட்டக் கேட்டா கலக்கிடும்" என்றார். நான் அண்ணனிடம் சொன்னேன்.

"இன்னும் கிட்ட வெச்சு எடுண்ணா."

"ரோதனைடி உன்னோட. சரி, எடுத்தாறேன்."

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வலது கையில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றும் போய்விட்டன. அவற்றை ஒரு பாலிதீன் பையில் ஐஸ் போட்டு எடுத்து வந்திருந்தார் சூப்பர்வைசர். ஒட்ட வைக்கும்படி அதில் எதுவும் மிச்சமில்லை என்றார் டாக்டர். நான் சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் பையை மட்டும் கீழே விழாமல் பிடித்துக்கொண்டார். அம்மா தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவனுடைய வாட்ச், பெல்ட், கண்ணாடி உடைந்த போன் மூன்றையும் என்னிடம் கொடுத்தார்கள். போனில் கடைசியாக ஒன்பது வினாடி வீடியோ ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்று பார்த்தேன். வலது கை உள்ளே கோணலாகக் கிடந்த தகட்டை நேராக்குகிறது. போன் கிட்டப் போகிறது, இன்னும் கிட்ட. அவன் குனிகிறான், படத்தின் கீழ் ஓரத்தில் அவன் வயிறு பொத்தானில் படுகிறது. டிக். அடுத்தது ஷெட்டின் கூரை, அப்புறம் அவன் குரல். நாங்கள் கேமில் வைக்கும் அலறல்கள் எல்லாம் சும்மா என்று அன்றைக்குத் தெரிந்தது. காசு வாங்கிக்கொண்டு யாரோ மைக் முன்னால் கத்துவது அது. இது என் அண்ணன்.

கண் விழித்ததும் எல்லாரிடமும் தகடு வழுக்கிவிட்டது என்று மட்டும் சொன்னான். போனைப் பற்றி மூச்சு விடவில்லை, அம்மாவிடம்கூட. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று விரலையும் நான்தான் நறுக்கினேன் என்று தினமும் சோற்றில் கை வைக்கும்போது தோன்றும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, அவனாகவே கேட்டான்.

"உன் கொலைக்களத்தக் காட்டு, பாப்போம்."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்து இடது கையால் விளையாடினான். முள் குழியில் இரண்டு முறை செத்தான். சிரித்தான். நசுக்கும் கூரைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டான். சுவருக்குக் கிட்டப் போய்ப் பார்த்தான்.

"இன்னாடி, என் கட்டைய வெச்சிக்கீற?"

"உன் கட்டையா?"

"அந்த மிஷின்ல ரெண்டு பட்டன். ரெண்டு கையும் வெச்சு அமுக்குனாத்தான் எறங்கும். கை ரெண்டும் வெளிய கீதுன்னா உள்ள மாட்டாதுல்ல, அதுக்காவ."

"அப்போ கட்டை?"

"ஒரு பட்டன்ல கட்டைய சொருவிட்டா ஒரு கை ஃப்ரீ. அடிச்சிகினே அடுத்த தகட்ட எடுக்கலாம். ரெண்டு கைன்னா ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் அஞ்சு எண்ணணும். கட்ட இருந்தா மூணு. அல்லாரும் அப்டித்தான் ஓட்டுறாங்கோ. இல்லன்னா டார்கெட் எங்க முடியும்?" திரையில் அந்தத் துணியை இடது கை விரலால் தொட்டான். "துணி நான்தான் சுத்துனேன். வழுக்கிகினே இருந்துச்சு."

ஒரு கையில் போன், ஒரு கையில் வேலை. அப்படியானால் அந்த இன்னொரு பொத்தானை அழுத்தியது யார்? என் கேமில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அரை நிமிடத்தில் பிடித்திருப்பேன். அண்ணன் செய்ததை நூறு தடவை பார்த்தேன், அழகாக இருக்கிறது என்று நகலெடுத்தேன். அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவன் விரல்கள் கையோடு இருந்திருக்கும்.

"இப்ப அந்த மிஷின யாரு ஓட்டுறாங்க?"

"ஒரிசாக்காரரு ஒருத்தரு. ரெண்டு பொண்ணு கீது அவருக்கு."

"கட்டை?"

"அங்கதான் கீது. எங்க போவும்?"

மறுநாள் மதியம் அந்த ஷாப்பின் வாசலில் போய் நின்றேன். ஷெட்டுக்கு உள்ளிருந்து சத்தம் தெருவுக்கு நன்றாகக் கேட்டது. அடி. ஒன்று, இரண்டு, மூன்று. அடி. ஒன்று, இரண்டு, மூன்று. அடி. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "யாரும்மா, யாரு வோணும்?" என்று வாட்ச்மேன் பின்னாலேயே ஓடி வந்தார். மிஷினைத் தேட வேண்டியிருக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்வேன். இரும்பு மேலே போய், அந்த ஆளின் இரண்டு கையும் வெளியே வரும்வரை பொறுத்திருந்து, கட்டையைப் பிடுங்கினேன். நான் செதுக்கிய அதே ரேகை.

மிஷின் நின்றது. அவர் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, குடுங்க அக்கா. டார்கெட் ஆகாது."

"இந்த மிஷின்லதான் என் அண்ணன் கை போச்சு" என்றேன்.

"தெரியும் அக்கா" என்றார். கையை நீட்டினார். ஐந்து விரலும் இருந்தன. நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.

நான் கொடுக்கவில்லை. சூப்பர்வைசர் ஓடி வந்து கத்தினார், நான் அதைவிடப் பெரிதாகக் கத்தினேன், வாட்ச்மேன் என்னை வெளியே விட்டுக் கேட்டைச் சாத்தினார். கட்டை இப்போது என் மேசை மேல் கீபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டன்ஜன் சுவரிலும் அதை விட்டுவைத்திருக்கிறேன், எச்சரிக்கையாக. இதுவரை ஒரு டெஸ்டர்கூட நின்று பார்க்கவில்லை.

அன்று மாலை அண்ணனிடம் காட்டினேன். இடது கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கட்டைக்கா பஞ்சம்?" என்றான். "இந்நேரம் வேற ஒண்ணு செதுக்கினுருப்பாங்கோ."

இன்றைக்கும் சாப்பிடப் போகிற வழியில் அந்தக் கேட்டுக்கு வெளியே நின்று எண்ணினேன். மூன்று.