போயா தினத்தில் அஸ்கிரிய மைதானம்

கண்டி அஸ்கிரிய மைதானத்துக்கு நான் போனது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு போயா தினத்தன்று, அதாவது பௌர்ணமி விடுமுறையன்று. அந்த வாரம் அங்கே டெஸ்ட் மேட்ச். போயே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் என் கூட்டாளி ராசு. மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். தோட்டத்து டீமின் வேகப்பந்து வீச்சாளன். அவனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை குடும்பத்தோடு ஒரேயடியாக இந்தியாவுக்குத் தலைமன்னாரில் கப்பலேற வேண்டும்.

"போறதுக்குள்ள ஒரு இன்டர்நேஷனல் மேட்ச் பாத்துரணும் மச்சான். அங்க போயி நான் யாரக் கேட்டு, எங்க பாக்குறது?" என்றான்.

நான் பதுளையில் புடவைக்கடை ஊழியன். அவனுக்குத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு இல்லாமல், எனக்கும் கடை பூட்டியிருக்கும் நாள் என்றால் போயாதான். முதல்நாள் மாலையே என் அறைக்கு வந்துவிட்டான். தோளில் ஒரு பை, அதற்குள் டீமின் பழைய தோல் பந்து. யாராவது ஆட்டக்காரரிடம் கையெழுத்து வாங்கவாம்.

காலை ஐந்து மணி பஸ். மகியங்கனை வழியாக ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர், ஆளுக்குப் பதினைந்து ரூபாய். மலைப்பாதையின் பதினெட்டு வளைவில் எனக்குக் குடலே வாய்க்கு வந்தது. ராசு மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான், பாவி. பத்தரைக்குக் கண்டி. அங்கிருந்து மேட்டில் இருபது நிமிட நடை.

கேட் பூட்டியிருந்தது. சத்தமே இல்லை. துடைப்பத்தோடு வந்த மைதான ஊழியர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னைக்கு ஆட்டம் இல்லீங்க, ரெஸ்ட் டே. போயா இல்லையா?"

நமக்கு லீவு என்று பார்த்துப் பார்த்து நாள் குறித்தோமே, ஆடுகிறவனுக்கும் அன்றைக்கு லீவு இருக்கும் என்று இரண்டு மண்டைக்கும் உறைக்கவில்லை! எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராசுவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"எங்கேருந்து வர்றீங்க?" என்றார் அவர். சொன்னேன். புதன்கிழமைக் கப்பலையும் சொன்னேன்.

"மடுல்சீமையா? அட, எங்க அக்காவ அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு. சரி, வாங்க. ஆட்டம் நடக்குற பிச்சுல மட்டும் கால வச்சிராதீங்க, என் வேல போயிரும்."

மலையை வெட்டிச் சமப்படுத்திய சின்ன மைதானம். பார்க்கிறவர்களுக்கு மேலேறும் படிகள், நடுவே மூடி வைத்த பிச். ராசு செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்றான். ஓரத்தில் பயிற்சிப் பிச் ஒன்றைக் காட்டினார் ஊழியர். "பந்து இருக்குல்ல? போடுங்க பாப்போம்."

ஸ்டம்புக்கு ஒரு வாளி, பேட்டுக்குத் துடைப்பம். ராசுவின் தோட்டத்தில் பிச்சில் கயிற்றுப் பாய் விரித்து ஆடுவார்கள். அதில் பந்து எகிறும். இங்கே தாழ்ந்து வழுக்கியது. முதல் நான்கையும் மனிதர் துடைப்பத்தாலேயே தடுத்துவிட்டார். ஐந்தாவது பந்து வாளியைக் கவிழ்த்தது.

"அவுட்டுங்க!" என்று அவரே விரலைத் தூக்கினார். ராசு கையை விரித்துக்கொண்டு எல்லைக் கோடுவரை ஓடினான். காலிப் படிகளைப் பார்த்து நான் கைதட்டினேன். ஆறாவது பந்தையும் போட்டு ஓவரை முடித்தான். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்துவிட்டது.

இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினோம். ஏழரைக்குப் பதுளை.

இப்போது போகிறவர்களுக்கு: அஸ்கிரியவில் சர்வதேச ஆட்டங்கள் நடப்பதில்லை, பல்லேகலைக்குப் போய்விட்டன. தலை சுற்றுகிறவர்கள் பஸ்ஸில் முன் சீட்டைப் பிடியுங்கள். டெஸ்டில் ஓய்வு நாள் இப்போது இல்லை. ஆனாலும் கலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

மறுவருஷம் கோத்தகிரியிலிருந்து ராசுவின் கடிதம் வந்தது. "இன்டர்நேஷனல் மேட்ச் பாத்திருக்கியான்னு இங்க கேக்குறானுங்க மச்சான். பாக்கல, ஒரு ஓவர் போட்டேன்னு சொன்னேன். ஒருத்தனும் நம்பல. நீ ஒரு வரி எழுதிப் போடு."

அன்றே எழுதிப் போட்டேன்: "அஸ்கிரிய மைதானம். ஆறு பந்து, ஒரு விக்கெட். நான் பார்த்தேன்."