ஸ்டெல்லா பார்க்காமல் போன திருத்தம்

செவ்வாய்க்கிழமை காலை, "இன்னுமா பார்க்கவில்லை?" என்று ஸ்டெல்லாவுக்கு மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தபோது அவருடைய தம்பி போன் செய்தார். "சார், அக்கா நம்மள விட்டுப் போயிருச்சு. ஹார்ட் அட்டாக்." நாற்பது வயதுகூட ஆகவில்லை. போனை வைத்த பிறகும், பதில் வரும் என்பதுபோலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டெல்லா மதுரை காளவாசலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இணையப் பக்கங்களைத் தமிழில் வாசித்துக் காட்டும் ஓர் எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரௌசரோடு சேர்ந்துகொள்ளும் சிறு மென்பொருளை, உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். சர்க்கரை நோயில் பார்வை போன என் மனைவி மேரி, அதன் வழியாகத்தான் செய்தி கேட்கிறாள்.

ஒருநாள் பிரௌசர் புதுப் பதிப்புக்கு மாறியதும் அது ஊமையாகிவிட்டது. மேரிக்கு அன்று செய்தி இல்லை. எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. போதாததற்குக் கணக்கு வாத்தியார் வேறு. மாநகராட்சிக்கு மனுப் போடுவதுபோல, என் செல்லூர் விலாசம் வரைக்கும் எழுதி, அந்த எக்ஸ்டென்ஷனின் பொதுப்பக்கத்தில் ஒரு புகாரை வைத்தேன். ஸ்டெல்லாவிடமிருந்து பதில் வந்தது: "அண்ணே, நானும் மதுரைதான். விலாசம் போட்டுத் திட்டுன மொத ஆளு நீங்கதான். இம்புட்டுக் கோவம் இருக்குல்ல, உள்ள வந்து ஒரு கை குடுங்க."

போனேன். நிரலை, அதாவது அந்த மென்பொருளை இயக்கும் வரிகளை, என் கணினிக்கு எப்படி நகலெடுப்பது, மாற்றியதை அவர் பார்வைக்கு எப்படி அனுப்புவது என்று அவர் அலுவலகத்துப் பக்கத்து டீக்கடையில் வைத்துக் காட்டினார். காட்டும்போதே பஸ் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அதனால்தான் எங்களுக்கு ஒத்துப்போனது.

முதல் திருத்தமாக, வாசிக்கும் வேகத்தைக் கூட்டி அனுப்பினேன். இழுத்து இழுத்து வாசித்தால் எனக்கு எரிச்சல் வரும். உடனே திருப்பிவிட்டார். "இது ஒங்க காதுக்கு வச்ச வேகம்ணே. மதினிகிட்டக் கேட்டீங்களா?" கேட்கவில்லை. கேட்டபோது மேரி, "ஒங்க அவசரத்துக்கு என்னால ஓட முடியல" என்றாள். அதன்பின் அதுவே எங்கள் சட்டமானது. பார்வையில்லாத ஒருவர் கேட்டுச் சொல்லாமல் எதுவும் சேராது. எழுதியவரே தன் திருத்தத்தை ஏற்கவும் கூடாது. நான் எழுதினால் அவர் பார்ப்பார், அவர் எழுதினால் நான். சண்டை இல்லாத வாரம் குறைவு. ஒருமுறை, "நேர்ல வாரேன், பேசிக்கிருவோம்" என்று சீறிக்கொண்டு வந்தவர், மேரி சுட்ட ஆப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, வந்த காரியத்தை மறந்து போய்விட்டார்.

போன வாரம் பிரௌசர் மறுபடி மாறியது, மறுபடி ஊமை. நான் சரிசெய்து அனுப்பிய திருத்தம்தான் அந்தச் செவ்வாயன்று அவருக்காகக் காத்திருந்தது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "எப்போது சரியாகும்?" என்று அதைப் பயன்படுத்துகிறவர்கள் எங்கெங்கிருந்தோ எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஏற்கும் உரிமை என்னிடமும் இருக்கிறது. ஆனால் அவர் பார்க்காமல் கை போகவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன்.

"எம்புட்டு நேரந்தான் நடப்பீங்க? போடுங்க, நான் கேக்குறேன்" என்றாள் மேரி.

போட்டேன். பாதியில் நிறுத்தச் சொன்னாள். "தேதிய முழுங்குது." அதைச் சரிசெய்தேன். முதலிலிருந்து மறுபடி கேட்டாள்.

"இப்பச் சரியா இருக்கு. அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிருங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம்.

திருத்தத்தை ஏற்கும் பொத்தானை அழுத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஸ்டெல்லா, சரியாகிவிட்டது. மேரி சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். போய் வாருங்கள்.