மூன்று தடவை கேட்டார்கள்

ஏலக்காய் தட்டிப் போட்ட பால் டீயின் வாசம் முதலில் வரும், அதற்குப் பின்னால் சமோசா பொரிகிற எண்ணெய் வாசம், அதற்கும் பின்னால் சுவருக்கு அந்தப் பக்கம் ‘கிறீச், கிறீச்’ என்று ஒரு சின்னச் சக்கரம் உருளும் சத்தம். இந்த மூன்றும் இதே வரிசையில் வந்துவிட்டால், பக்கத்து வீட்டு ஸாதியாவைப் பார்க்க யாரோ மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆக்லாந்தின் வடக்குப் பக்கம், கிளென்ஃபீல்டில், ஒரே கூரையை நடுச்சுவர் வைத்துப் பிரித்த இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், மற்றதில் அவர்கள். சுவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அட்டைதான். அங்கே தும்மினால் இங்கே நாங்கள் ‘நூறு’ என்போம்.

நாங்கள் விருதுநகர்ப் பக்கம். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை, காலையில் பஸ் ஏறிப் பாலம் தாண்டி நகர மையத்துக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். அவர்கள் பாகிஸ்தானில் குஜ்ரன்வாலா. சலீம் அங்கிள், நஸ்ரீன் ஆன்ட்டி, ஒரே மகள் ஸாதியா. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அவளுக்குப் பத்தொன்பது. அக்கா என்பதற்கு அவர்கள் மொழியில் ‘பாஜி’யாம், அப்படித்தான் கூப்பிடுவேன். அம்மா ஊருக்குப் போன் போடும்போதெல்லாம் “பக்கத்துல பாகிஸ்தான்காரங்கதான், ஆனா ரொம்ப நல்லவங்க” என்பாள். அந்த ‘ஆனா’ அவளுக்கு உறுத்தவே உறுத்தாது.

ஸாதியா கண் பரிசோதிக்கிற படிப்பில் இரண்டாம் வருஷம். காலியான கோதுமைப் பிஸ்கட் டப்பாவின் பின்புறத்தில் பெரிதும் சிறிதுமாக எழுத்துகள் எழுதி வேலியில் சொருகி, என்னைப் பத்தடி தள்ளி நிற்கவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி வாசிக்கச் சொல்வாள். நான் வேண்டுமென்றே தப்பாக வாசிப்பேன். “போச்சு, உனக்குச் சோடாபுட்டிதான்” என்று தலையில் தட்டுவாள். இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம், ஆனால் அவள் பேச்சு எனக்குள் எப்போதும் தமிழாகவே கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் கிறீச் சத்தம் ஒரு டீ ட்ராலியினுடையது. தங்க நிறக் குழாய்க் கம்பி, இரண்டு அடுக்குக் கண்ணாடி, நான்கில் ஒரு சக்கரம் மட்டும் எண்ணெய்க்கு அடங்காத சண்டி. சம்பந்தம் பேச வருவதற்கு அவர்கள் ‘ரிஷ்தா’ என்பார்கள். பையனின் அம்மாவும் அத்தைமாரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருக்க, பெண் அந்த ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்து, கோப்பையில் டீ ஊற்றி, சர்க்கரை எத்தனை என்று கேட்டுக் கலக்கிக் கொடுக்க வேண்டும். டீ சிந்துகிறதா, கை நடுங்குகிறதா, துப்பட்டா நழுவுகிறதா என்று பத்துக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். கோப்பை அடுக்குவதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஸாதியா சமையலறையில் நின்று “ஒதுங்கு, லாரி வருது” என்று என்னைச் சிரிக்கவைத்துவிட்டு, வாசல் தாண்டும்போது முகத்தைச் சாதுவாக மாற்றிக்கொள்வாள். நாங்கள் என்ன உசத்தி, எங்கள் வீடுகளில் ட்ராலிக்குப் பதில் பஜ்ஜித் தட்டு, அவ்வளவுதான்.

சலீம் அங்கிளைக் கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு ரிஷ்தா வந்து, இரண்டையும் ஸாதியா வேண்டாம் என்றாள். இரண்டு தடவையும் அவர், மகளை ‘பேட்டா’ என்று கொஞ்சி, “வேண்டாம்னா வேண்டாம், பேட்டா, படி” என்று பாதி இங்கிலீஷில் சொன்னதைச் சுவர் வழியாகக் கேட்டவள் நான். அந்நியர்களிடம் மகளுக்காக ‘மாட்டேன்’ என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது. சொந்த அக்காவிடம்தான் அது இல்லாமல் போயிற்று.

அந்த டிசம்பரில், பள்ளிக்கூடம் மூடி, தெருவோரத்துப் போஹுடுகாவா மரங்கள் சிவப்பாகப் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து அந்த அக்கா வந்து இறங்கினார். ஸாதியாவுக்கு அத்தை, ‘ஃபுப்போ’ என்பார்கள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா. தன் மகன் இம்ரானுக்கு ஸாதியாவைக் கேட்க வந்திருந்தார். திரும்பிப் போவதற்கு இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டே வந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. இந்தத் தடவை ட்ராலி உருளவே இல்லை. வீட்டு மனுஷிக்கு எதற்கு ட்ராலி?

ஒரு நாள் மத்தியானம் ஸாதியா எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்தாள். சலீம் அங்கிள் என் அம்மாவைக் கூடப்பிறந்தவள் போல மதிப்பவர். அம்மா சொன்னால் கேட்பார் என்று நம்பி வந்தாள். “ஆன்ட்டி, என் ஃபுப்போ மகனுக்கு என்னைக் கேக்கறாங்க” என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான், மீதியைச் சொல்ல விடவில்லை அம்மா. “அடி என் தங்கமே! அத்தை பையனா? முறை மாப்பிள்ளைடி!” என்று சர்க்கரை டப்பாவைத் திறந்து, ஒரு கரண்டி நிறைய அள்ளி அவள் வாயில் போட்டுவிட்டாள். அம்மா கட்டிக்கொண்டதும் அத்தை மகனைத்தான், என் அப்பாவை. உலகத்தில் அதைவிடப் பத்திரமான கல்யாணம் கிடையாது என்பது அவள் தீர்மானம். வாய் நிறையச் சர்க்கரையோடு ஸாதியா என்னைப் பார்த்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை அவளுக்கு. பிறகு மெல்ல விழுங்கிவிட்டு, “படிப்பு இருக்கு ஆன்ட்டி, எனக்கு இஷ்டமில்ல” என்றாள். “போகப் போகச் சரியாயிடும்” என்றாள் அம்மா. ஸாதியா போன பிறகு அம்மா நாலு வீட்டுக்குப் போன் போட்டு நல்ல சேதி சொன்னாள்.

மறுநாள் வேலியோரம் ஸாதியா தைரியமாகத்தான் இருந்தாள். “பயப்படாதே. எங்க மார்க்கத்துல பொண்ணு சம்மதிக்காம நிக்காஹ் கிடையாது. என்னைத் தனியா வந்து கேக்கணும். மூணு தடவை கேக்கணும். நான் இல்லைன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு, ஃபுப்போ தனியா பிளேன் ஏறவேண்டியதுதான்.” எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணம் எதிலும் பெண்ணை யாரும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை; குனியச் சொல்வார்கள், தாலி ஏறும். மூன்று தடவை கேட்பார்களாமே! அந்த மூன்று தடவையை நானும் அவளோடு சேர்ந்து நம்பினேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பகலில், அந்த வீட்டு ஹாலிலேயே நிக்காஹ். மாப்பிள்ளை குஜ்ரன்வாலாவில், போனில் ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார்கள். உள்ளறையில் கட்டிலில் ஸாதியா, முகம் மறைய இழுத்துவிட்ட சிவப்புத் துப்பட்டா, ஒரு பக்கம் ஃபுப்போ, சுற்றிலும் பெண்கள். அவள் காலடியில், பாயில், நான். சலீம் அங்கிளின் சிநேகிதர் ஒருவர் இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்தார். அங்கிள் வாசற்படியிலேயே நின்றுகொண்டார், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி. சிநேகிதர் கேட்டார். உருதுவில்தான், ஆனால் அவள் பெயரும் இம்ரான் பெயரும் கடைசியில், சம்மதமா என்பதற்கான ‘கபூல்’ என்ற சொல்லும் எனக்குப் புரிந்தன.

ஸாதியா பேசவில்லை. சொல்லப்போகிறாள், சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். இரண்டாம் தடவை கேட்டார். துப்பட்டாவுக்குக் கீழே, நான் இருந்த இடத்திலிருந்து மட்டும் தெரிகிற அவள் முகம், வாசற்படியில் நின்ற அப்பாவைப் பார்த்தது. வாய் திறந்து, அப்படியே மூடிக்கொண்டது. ‘இல்லை’ என்று சொல்ல முடியாதவள், ‘சரி’ என்று சொல்லாமல் இருப்பதே போதும் என்று நினைத்துவிட்டாள். பாவி, அதுதான் அவள் செய்த தப்பு. மூன்றாம் தடவை கேட்டார். அப்போது ஃபுப்போவின் கை அவள் பின்னந்தலையில் வந்து உட்கார்ந்ததையும், வளையல் குலுங்க அந்தக் கை அழுத்தியதையும், ஸாதியாவின் தலை ஒரு தடவை கீழே போய் வந்ததையும் பார்த்தேன். “வெட்கம்!” என்று ஒருத்தி சிரித்தாள். “முபாரக்! முபாரக்!” என்று எல்லாரும் வாழ்த்தினார்கள். கையெழுத்தும் போட்டாளா என்று கேட்பீர்கள், போட்டாள். தலையைக் குனியவைத்த பிறகு கை எங்கே போகும்?

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். “அவங்க அத்தை தலையை அமுக்கினாங்கம்மா, நான் பார்த்தேன்.” அம்மா கையிலிருந்த பிரியாணித் தட்டைக் கீழே வைக்காமலே, “அதெல்லாம் கல்யாண வீட்ல சகஜம். வெளியே எங்கேயும் போய் உளறி வைக்காதே” என்றாள்.

மூன்றாம் நாள், நரைத்த தலையும் மழைக்கோட்டுமாக ஒரு பெண்மணி எங்கள் கதவைத் தட்டினார். ஸாதியாவின் வகுப்புத் தோழி ஒருத்தி சொல்லி, பெண்களுக்கு உதவுகிற ஏதோ ஓர் அமைப்பிலிருந்து வந்திருந்தார். பக்கத்து வீட்டில் போய் ஸாதியாவைக் கேட்டுவிட்டுத்தான் வந்தார். ஃபுப்போ கூடவே உட்கார்ந்திருக்க, அவள் ஒன்றும் சொல்லவில்லையாம். அதனால் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறாராம். அம்மா தனக்குத் தெரிந்த இங்கிலீஷைத் திரட்டிக்கொண்டு, “வெரி ஹேப்பி கேர்ள். ஓன் கசின். சேம் லைக் மீ” என்றாள். அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பி, என் உயரத்துக்குக் குனிந்து, “நீ அந்த அறையிலே இருந்தியாமே? அவ சரின்னு சொன்னாளா?” என்று கேட்டார்.

அம்மா என் தலைமேல் கை வைத்தாள். அழுத்தவில்லை, வருடினாள். எண்ணெய் வைத்துப் பின்னுகிற, தினமும் எனக்குப் பழக்கமான அதே கை. நான் அவர் மழைக்கோட்டின் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், ரொம்பப் பொறுமையாகவே காத்திருந்தார். பிறகு நன்றி சொல்லி, போன் நம்பர் போட்ட ஓர் அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். கதவைச் சாத்திய பிறகு, “நீ ஏன்மா பொய் சொன்ன?” என்றேன். அம்மா அட்டையை அரிசி டப்பாவுக்கு அடியில் செருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “என்னை யாரு கேட்டா?” அந்தக் குரலில் இருந்தது கோபமா வேறெதுவுமா என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரிகிறது, ஆனாலும் மன்னிக்க வரவில்லை.

அந்த வாரமே ஸாதியா போய்விட்டாள். வேலியில் பிஸ்கட் டப்பா இன்னும் சொருகியிருந்தது; மழையில் எழுத்துகள் கரைந்து, பெரிய எழுத்து மட்டும் கொஞ்சநாள் நின்றது. அடுத்த வருஷம் வேண்டாத சாமான்களைத் தெருவோரப் புல்லில் போடச் சொல்லிக் கவுன்சில் லாரி வரும் சமயத்தில் பார்த்தால், அந்த ட்ராலி ஒரு பழைய மெத்தைமேல் கவிழ்ந்து கிடந்தது. இனி யாருக்கு என்று ஆன்ட்டி தள்ளிவிட்டிருப்பார். அங்கிள் வாசலில் நின்று லாரி அதைத் தூக்கிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எங்களிடம் அவர் அதிகம் பேசுவதையே விட்டுவிட்டார்.

இப்போது அந்தக் கூரையும் இல்லை, அட்டைச் சுவரும் இல்லை. இடித்துவிட்டு, அதே மனையில் ஆறு மாடிவீடுகளை நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். போன மாதம் எனக்கு எழுத்து மங்கலாகத் தெரிகிறதென்று கிளென்ஃபீல்ட் மாலில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். உள்ளே இருட்டறையில் கண் பரிசோதித்தது யாரோ ஒரு சின்னப் பெண். வெளியே கவுன்ட்டரில் ஃப்ரேம் எடுத்துக்கொடுக்க நின்றவள் ஸாதியா. ஆறு வருஷமாகிவிட்டதாம் திரும்பி வந்து. கணவரும் மூன்று பிள்ளைகளும் இங்கேதான். “சோடாபுட்டின்னு அன்னைக்கே சொன்னேன்ல?” என்று சிரித்தாள். விட்ட படிப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: “இம்ரான் நல்லவர். அடிக்கறதில்ல, குடிக்கறதில்ல. எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. நானும் சொல்லிக்கறேன்.”

ஒரு ஃப்ரேமை என் முகத்தில் மாட்டி, காதோரம் சரிபண்ணிக்கொண்டே, வேலையின் நடுவே சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்: “அந்த மழைக்கோட்டு லேடி திரும்ப எங்க வீட்டுக்கு வந்துச்சு. ‘பக்கத்து வீட்ல கேட்டேன், நீ சந்தோஷமா இருக்கறதாச் சொல்றாங்க’ன்னு சொல்லிட்டுப் போச்சு. உன்னையும் கேட்டாங்களா?”

ஒரே தடவைதான் கேட்டாள். என் முகம் அவள் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தது, முப்பத்து மூன்று வயதுக்காரி நான், பக்கத்தில் அம்மா இல்லை, தலைமேல் யார் கையும் இல்லை. வாய் திறக்கவில்லை. அவள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, சரி என்பது போலத் தலையாட்டி, ஃப்ரேமைக் கழற்றித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

அவள் சரி என்று சொல்லவில்லை. அவள் அத்தை தலையை அமுக்கினார், நான் பார்த்தேன். இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். அன்றைக்கு அந்தப் பெண்மணி அதற்கும் மேலேயே காத்திருந்தார். இருபத்தொரு வருஷம் கழித்து இப்போது சொல்லிவிட்டேன், கேட்க வந்தவர் இல்லாத இடத்தில்.