கயிற்றை அறுத்தவர்

எனக்கு எட்டு வயது நடக்கும்போது ஒரு யுத்த விமானம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விழுந்தது. இலங்கையின் வடக்கில் நடந்த சண்டை எங்கள் மலைநாட்டுக் கந்தப்பளை வரைக்கும் வராது என்று பெரியவர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. புதிதாக வந்த விமானங்களைச் சண்டைக்கு அனுப்புமுன் எங்கள் மலைகளுக்கு மேலே ஓட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் அண்ணாந்து கைகாட்டுவோம். மேலே இருந்தவர்களுக்கு நாங்கள் தெரிந்திருக்க நியாயமில்லை.

அன்று அப்பாவும் சித்தப்பாவும் மேல்மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன். பனிமூட்டத்துக்குள் யாரோ பெரிதாக இருமுவது போல ஒரு சத்தம். பிறகு ஒரு வெடி. வெள்ளைத் துணி ஒன்று தலைக்கு மேலே விரிந்து, ஆடி ஆடி இறங்கி, ஓடைப் பக்கத்து யூக்கலிப்டஸ் மரத்தில் சிக்கியது. அதன் கீழே ஒரு மனிதர் தொங்கினார். பள்ளத்திலிருந்து புகை எழுந்தது.

"நமக்கெதுக்குண்ணே வம்பு, தோட்டத் தொரைகிட்ட சொல்லிருவோம்" என்றார் சித்தப்பா.

கயிறு அந்த மனிதரின் கழுத்தைச் சுற்றி இறுகியிருந்தது. "தொர வர்றதுக்குள்ள செத்துருவான்டா" என்று சொல்லிவிட்டு, அப்பா கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தில் ஏறினார்.

இறக்கிக் கிடத்தியபோது பார்த்தால், அவர் சித்தப்பாவைவிட இளையவர். தொடை முறிந்திருந்தது. கண்ணைத் திறந்ததும், "மல்லீ கோ?" என்றார். சிங்களத்தில் தம்பி எங்கே என்று அர்த்தம். விமானத்தில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ஆபத்து வந்தால் ஆளை இருக்கையோடு மேலே தூக்கி வீசும் விசை ஒன்று அதில் இருந்ததாம். ஒருவருக்கு வேலை செய்தது, மற்றவருக்குச் செய்யவில்லை. அப்பா புகை வந்த பக்கத்தை மறைத்து உட்கார்ந்து, "இன்னவா மஹத்தயா, இன்னவா" என்றார். இருக்கிறார் ஐயா, இருக்கிறார். நானும் நம்பினேன்.

சாக்கில் கம்பு கோத்துத் தூக்கிப்போனார்கள். நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றும்போது அவருக்கு நினைவு தப்பியிருந்தது.

பின்னேரம் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு ஒரு இராணுவ ஜீப் வந்தது. இறங்கியவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரியும். கயிறுகளை வெட்டியது யார், கழுத்தில் காயம் எப்படி வந்தது என்று கேட்டார். பெரியவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அப்பாவுக்குக் கூச்சம் என்று நினைத்து நானே முன்னால் போனேன்.

"எங்க அப்பாதாங்க கத்தியால வெட்டுனாரு."

ஜீப்பில் வந்தவர் என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"நாந்தாங்க. கழுத்து இறுகிக் கெடந்துச்சுங்க" என்றார் அப்பா. கத்தியையும் எடுத்துவரச் சொன்னார்கள். ஜீப்பில் ஏறும்போது அப்பா அம்மாவிடம், "வெசாரிச்சுட்டு விட்ருவாங்க. புள்ளையப் பாத்துக்க" என்றார். நான் ஜீப்புக்குப் பின்னால் வளைவு வரைக்கும் ஓடினேன். அப்பாவுக்குப் பரிசு கொடுக்கப் போகிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அப்பா வரவில்லை. அம்மா கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு, முகாம், பொலிஸ் என்று ஏறி இறங்கினாள். அப்படி யாரையும் கூட்டி வரவில்லை என்றார்கள்.

நான்கு மாதம் கழித்து அந்த விமானக்காரர் ஊன்றுகோலோடு வந்தார். கையில் பிஸ்கட் டின். தன்னை இறக்கிய ஐயாவைக் கும்பிட்டுப் போக வந்தாராம். அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னாள். அவர் டின்னை வாசலில் வைத்துவிட்டு நின்றபடியே கேட்டார். தானே போய்த் தேடிப் பார்ப்பதாகச் சொல்லிப் போனார்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தபோது ஒன்றும் கொண்டுவரவில்லை. படியில் உட்கார்ந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், மெதுவாக நாலைந்து வார்த்தை பேசினார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அழத் தொடங்கினார்.

முறிந்த கால்தான் வலிக்கிறது என்று நினைத்தேன். உள்ளே ஓடித் தைலப் போத்தலை எடுத்துவந்து நீட்டினேன்.

"அழுவாதீங்க. எங்க அப்பா வந்து உருவிவிட்டா ரெண்டே நாள்ல சரியாயிரும்."

அவருக்குத் தமிழ் புரியவில்லை. சிங்களத்தில் சொல்லும்படி அம்மாவிடம் இரண்டு முறை கேட்டேன். அம்மா சொல்லவில்லை. அந்த வார்த்தைகள் அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.