அத்தை கையில் மைக்

எங்கள் அத்தைக்குக் காது கேட்காது, வாயும் பேசாது என்று ஊரில் சொல்வார்கள். பின்னது சுத்தப் பொய். அப்பாவின் தங்கையான அவள் பேசுகிற பேச்சுக்கு இரண்டு கையும் போதாமல் புருவமும் தோளும் துணைக்கு வரும். அதை ஒன்று விடாமல் புரிந்துகொள்ள வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். அப்போது மூன்றாம் வகுப்பு. முன்பல் விழுந்த இடத்தைத் தொட்டுக் காட்டினால், அவள் பேச்சில் அது என் பெயர்.

கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். தெருவிளக்குகள் பாதித் தெருவோடு நின்றுவிட்டன. இருட்டான எங்கள் கோடியில் தண்ணீர் டேங்க். பகலெல்லாம் மரவள்ளிக் காட்டில் களை வெட்டிவிட்டு வரும் பெண்கள், உடம்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து அந்த டேங்க் அடியில் உட்கார்ந்து பேசுவார்கள். ஊர்க்கதை அத்தனையும் அங்கேதான். அத்தையும் போவாள். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பக்கத்தில் இருப்பவளின் தோள் குலுங்குவதை வைத்து, சிரிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பாள். உடனே என் தாடையைப் பிடித்துத் திருப்பி, என்ன, என்ன என்று கன்னத்தில் தட்டுவாள். இருட்டில் நான் கையை ஆட்டி என்ன பிரயோஜனம்? எனக்கோ கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைகள் மேலேயே கண். உதறிக்கொண்டு ஓடிவிடுவேன்.

ஊருக்குப் புதிதாக ஒரே ஒரு விளக்கு வரப்போகிறது, எங்கே போடுவது என்று கிராம சபையில் முடிவு செய்வார்கள் என்று கேள்விப்பட்டு அத்தையிடம் சொன்னவள் நான்தான். அன்றிலிருந்து அவள் ஒரு இடத்தில் உட்காரவில்லை. சபையன்று விடிவதற்கு முன்பே என்னைக் குளிப்பாட்டி, எண்ணெய் வழிய வழியத் தலை வாரிவிட்டாள். நமக்கெதற்கு இந்த வேலை என்று அப்பா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் கூட்டம். "யாரு வேணும்னாலும் பேசலாங்க, பயப்படாதீங்க. பேசறது உங்க உரிமை" என்றார் தலைவர். அவர் முடிப்பதற்குள் அத்தை எழுந்து நின்றாள். கூட்டம் சிரித்தது. அப்பா தரையைப் பார்த்தார். தலைவர் நல்ல மனிதர். சிரித்தவர்களை அதட்டிவிட்டு, அந்தப் பெண்ணிடம் மைக்கைக் கொடுங்கள் என்றார்.

கொடுத்தார்கள். பேசுகிறவர் மைக்கைப் பிடிக்க வேண்டும் என்பது சட்டம், அதை யார் மீற முடியும்? ஒரு கையில் மைக் ஏறியதும் அத்தைக்குப் பாதி வாய் அடைத்துப்போயிற்று. மற்ற கையால் ஏதோ சொல்லிப் பார்த்தாள், எனக்கே விளங்கவில்லை. கடைசியில் மைக்கை என் கையில் திணித்துவிட்டு ஆரம்பித்தாள். டேங்க். இருட்டு. பெண்கள். சிரிப்பு. அப்புறம் தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே நீட்டினாள், முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள், மறுபடியும் நீட்டினாள்.

"லைட்டு வேணுமாம். டேங்காண்ட" என்றேன். என் குரல் ஸ்பீக்கரில் மலை வரைக்கும் போய்த் திரும்பியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்னாத்துக்காம் என்று தலைவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "பாம்புங்க! அங்க ஜாஸ்தி ஆயிடுச்சி" என்றார். ஆமாம் ஆமாம் என்று நாலு குரல்கள். அத்தைக்காகப் பேச ஆளாளுக்குப் போட்டி. அவள் என் சட்டையை இழுத்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். விரலை நெளித்துப் பாம்பு என்று காட்டினேன். இல்லை இல்லை என்று அவள் கைகளை வீசி வீசிச் சொன்னாள். "பாவம், எப்பிடி பயந்துகினு கீது பாரு" என்று ஒரு பெரியம்மா உச்சுக் கொட்டினாள். அப்பா அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்து உட்கார வைத்தார். மைக் அடுத்தவரிடம் போனது.

சாயங்காலம் தலைவர் அனுப்பியதாக ஓர் ஆள் புது டார்ச் லைட் கொண்டுவந்தார். விளக்கு கோயிலண்டை போடுகிறார்களாம், பாம்புக்கு இது போதுமாம். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருட்டியதும் என்னை டேங்க்குக்கு இழுத்துப்போய், டார்ச்சை என்னிடம் கொடுத்து, தன் கைகளின் மேல் வெளிச்சம் அடிக்கச் சொன்னாள்.

அன்றைக்கு அவள் பேசினாள் பாருங்கள்! தலைவரின் தொந்தி, மைக் நீட்டியவரின் மிடுக்கு, உச்சுக் கொட்டிய பெரியம்மா, எல்லாரும் அந்த வெளிச்சத்தில் வந்து போனார்கள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்தத் தடவை யார் தோளையும் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

காலையெல்லாம் கேட்ட பாம்புப் பேச்சு எனக்குள் ஊறிக் கிடந்தது. காலடியில் ஏதோ சரசரத்தது. வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினேன். வெறும் சருகு. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மறுபடியும் எனக்குப் பயம், மறுபடியும் தரை. மறுபடியும் அவள் தூக்கினாள். கை வேறு கடுத்தது. புது டார்ச்சைக் கண்ட பிள்ளைகள் தூரத்திலிருந்து கூப்பிட, வெளிச்சம் தானாக அவர்கள் பக்கம் போயிற்று.

அத்தை என் மணிக்கட்டைத் தேடவில்லை. டார்ச்சைத் திரும்ப அவள் மேல் அடித்துப் பார்த்தேன். இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. பேசி முடித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டார்ச்சோடு ஓடினேன்.